மாலையில் சேராத பூ

தாம்பரம் பக்கம் பழைய ஓட்டு வீடு எதைப் பார்த்தாலும் வாசலில் இரண்டு பூச்செடி நிக்கும், இல்லேன்னா ஒரு காலத்தில் நின்னிருக்கும். ஒண்ணு துலுக்கச் சாமந்தி. இன்னொண்ணு ஜீனியா. இரண்டுமே மெக்சிகோ தேசத்துச் சரக்கு, ஸ்பெயின்காரன் கப்பலில் ஐரோப்பா போய் அங்கிருந்து சுத்தி நம்ம பக்கம் வந்தது. இதில் துலுக்கச் சாமந்தி சாமிக்கு மாலை ஆச்சு, ஆயுத பூஜைக்கு லாரி முன்னாடி தொங்குது, கோயம்பேட்டுல கிலோ கணக்கில் போகுது. ஜீனியாவை எவனும் எடை போட்டு வாங்க மாட்டான். கோயம்பேடு மார்க்கெட் 1996ல் வந்தது. அதுக்கு முன்னாடி பூக்கடை பத்ரியன் தெருவில் பூ வித்த காலத்திலேயும் ஜீனியாவுக்கு அங்கே கூடை கிடையாது.

காரணம் பெரிசா ஒண்ணும் இல்லை. வாசனை இல்லாத பூவை நம்ம பெண்கள் தலையில் வைக்கணும்னா கனகாம்பரம் மாதிரி மெல்லிசா இருக்கணும். இது தட்டையா, கனமா இருக்கும். இதழ் காகிதம் மாதிரி சொரசொரன்னு இருக்கும். உதிரிப் பூவாக உதிர்த்துத் தூவவும் வராது. செடியிலேயே நின்னா பதினைந்து இருபது நாள் நிறம் மங்காம நிக்கும். பூ வியாபாரிக்கு அது ஒரு பிரயோஜனமும் இல்லை, அவனுக்கு இன்னைக்கு வாடி நாளைக்கு மறுபடி வாங்கணும்.

சந்தைக்குப் போகாத பூ என்பதால் இதுக்குத் தனி வரலாறு இருக்கு. துலுக்கச் சாமந்தி வியாபாரி கையில் ஊர் ஊராப் பரவியது. ஜீனியா பரவியது பெரும்பாலும் முந்தானை முடிச்சில். ஒரு வீட்டு வாசலில் பூத்ததைப் பார்த்து, "ஒரு பூ காய்ஞ்சா குடுக்கா"ன்னு கேட்டு வாங்கிப் போன விதை. அதனால்தான் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்கு. கணக்குப் புத்தகத்தில் ஏறாத பயிரை யார் எழுதுவா?

முதல்ல பேரிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெக்சிகோவில் இந்தச் செடிக்கு மால் தே ஓஹோன்னு ஒரு பேர் உண்டு. ஸ்பானிய மொழியில் அதுக்கு அர்த்தம் கண் திருஷ்டி. நாம பூசணிக்காய் கட்டித் தொங்க விடுறோமே, அதே கண் திருஷ்டி. காட்டு ஜீனியா பார்க்க அவ்வளவு அழகா இருக்காது, மங்கிய சிவப்பில் நாலு இதழோடு வறண்ட நிலத்தில் நிக்கிற களை.

கண்ணோடு இந்தப் பூவுக்கு இன்னொரு சம்பந்தமும் இருக்கு. யோகான் காட்ஃபிரீட் ஜின் என்று ஒரு ஜெர்மன்காரர், 1727ல் பிறந்தவர். மருத்துவர், உடற்கூறு படிச்சவர், கோட்டிங்கன் ஊரில் தாவரத் தோட்டத்துக்கும் பொறுப்பாளர். மனுஷக் கண்ணை அறுத்து அறுத்துப் பார்த்து 1755ல் ஒரு புத்தகம் எழுதினார். கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸைச் சுத்தி நூல் நூலாகப் பிடிச்சு நிறுத்தியிருக்கே, அந்த நூல்களுக்கு இன்னைக்கும் அவர் பேர்தான். நம்ம ஊர்ப் பெரியவங்க பாதிப் பேர் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. அந்த டாக்டர்கள் எல்லாருக்கும் ஜின் நூல் தெரியும். பூ தெரியுமான்னு கேட்டா சந்தேகம்தான்.

மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடியை அவர் தன் தோட்டத்தில் வளர்த்து, விவரம் எழுதி வச்சார். 1759ல், 32 வயசு நிறையும் முன்னாலேயே இறந்துட்டார். அதே வருஷம் லின்னேயஸ் செடி இனத்துக்கு அவர் பேரை வச்சு ஜீனியா ஆக்கினார். ஜின் மெக்சிகோ மலைக்குப் போய்ப் பூப் பறிச்சார், கொள்ளைக்காரன் மடக்கினான், பையில் வாடின பூவைப் பார்த்துப் பைத்தியம்னு விட்டுட்டான்னு ஒரு கதை இன்டர்நெட்டில் சுத்துது. நம்பாதீங்க. அவர் அந்தப் பக்கமே போனதில்லை. விதைதான் அவரைத் தேடி வந்தது.

இப்ப நம்ம வாசலில் இருக்கிறது அந்தக் காட்டுச் செடி இல்லை, அதோட அக்கா தங்கச்சி முறை வேற ரகம். மாட்ரிட் தோட்டத்தில் வளர்ந்ததைப் பார்த்து 1791ல் கவனிஜேஸ் என்பவர் அதுக்கு 'வயலேசியா' என்று பேர் வச்சார், ஊதாப் பூ என்று அர்த்தம். அடுத்த வருஷமே வியன்னாவில் ஜாக்கின் என்பவர் அதே செடிக்கு 'எலிகன்ஸ்' என்று வேற பேர் வச்சார். இரண்டாவது பேர்தான் நிலைச்சது. முதல் பேரிலிருந்து ஒரு விஷயம் தெரியுது. அப்ப இருந்தது ஊதா நிறம், ஒத்தைப் பூ. நடுவில் மஞ்சள் கொட்டை, சுத்தி ஒரே வரிசை இதழ்.

இந்த ஒத்தை, அடுக்கு என்கிறதைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கதையே அதில்தான் இருக்கு. சூரியகாந்தி மாதிரி ஜீனியாவும் ஒரு பூ இல்லை, ஒரு கூட்டம். ஓரத்தில் இருக்கிற ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ, பெண் பூ. நடுவில் நட்சத்திரம் மாதிரி மஞ்சளா நிக்கிற ஒவ்வொண்ணும் தனிப் பூ, அதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும், மகரந்தம் அதில்தான். சில செடியில் நடுவில் இருக்கிற சின்னப் பூவெல்லாம் இதழாக மாறிப் பிறக்கும். அதுதான் அடுக்கு. அடுக்கு மல்லி, அடுக்குச் செம்பருத்தி என்கிற மாதிரி அடுக்கு ஜீனியா. இப்ப கடையில் விக்கிற ஜீனியாவில் பெரும்பாலானது அடுக்குதான்.

அந்த அடுக்கு எங்கிருந்து உலகத்துக்குப் போச்சு தெரியுமா? இந்தியாவிலிருந்து.

1856ல் பிரான்சில் பிரனீஸ் மலை அடிவாரத்தில் பாக்னேர் ஊரில் கிராசான் என்று ஒருத்தர் இந்தியாவிலிருந்து ஜீனியா விதை வரவழைச்சார். முளைச்சு வளர்ந்ததில் அடுக்குப் பூ வந்தது. ஐரோப்பாவில் அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. பாரிஸில் வில்மொரான் என்று பெரிய விதைக் கம்பெனி, அவங்க அதை வாங்கிப் பெருக்கி 1860 வாக்கில் விற்பனைக்கு விட்டாங்க. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அடுக்கு ஜீனியாவைத் தலையில் தூக்கி வச்சுக்கிட்டது அதுக்கப்புறம்தான். விதை வாங்கினவர் பேர் இருக்கு, வித்த கம்பெனி பேர் இருக்கு. அந்த விதையை எடுத்துக் காயவச்சு அனுப்பிய தோட்டத்து ஆள் பேர் எதிலும் இல்லை.

சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல். அதனால் 1856ல் போன விதை ஆப்பிரிக்காவைச் சுத்தி மாசக்கணக்கில் கடல் மேலே போயிருக்கும், இல்லை எகிப்துவரை கப்பலில் போய் அங்கே தரை வழியா மாறியிருக்கும். ஜீனியா விதைக்கு அது பெரிய விஷயம் இல்லை. நல்லா காய்ஞ்சிருந்தா மூணு நாலு வருஷம் உயிர் பிடிச்சு வச்சிருக்கும்.

அடுக்கு தானா ஒரு நாளில் வந்துடாது என்பதுதான் நான் சொல்ல வர்றது. விதை எடுக்கிற ஆளுக்குத் தெரியும். ஒத்தைப் பூவும் அடுக்குப் பூவும் பக்கத்தில் பக்கத்தில் நின்னா, தேனீயும் பட்டாம்பூச்சியும் ஒத்தையின் மகரந்தத்தைத்தான் நிறைய எடுத்துட்டுப் போகும், ஏன்னா அடுக்கில் மகரந்தமே குறைச்சல். அடுத்த வருஷம் பாதிச் செடி ஒத்தையாப் போயிடும். அடுக்கைக் காப்பாத்தணும்னா ஒத்தை பூத்த செடியைப் பூ விரிஞ்ச அன்னைக்கே பிடுங்கணும். நாலஞ்சு வருஷம், இரக்கம் பார்க்காம. அப்படிப் பிடுங்கின கை ஒண்ணு 1856க்கு முன்னாடியே இந்த நாட்டில் இருந்திருக்கு. அது துரை வீட்டு மாலியாக இருக்கலாம், மாலியோட மனைவியாக இருக்கலாம்.

நம்ம பக்கம் துரைமார் தோட்டத்துக்குக் குறைவே இல்லை. பரங்கிமலை மெட்ராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம், பல்லாவரம் கண்டோன்மென்ட். இரண்டு ஊரிலும் பங்களா, பங்களாவுக்கு முன்னாடி பூப்பாத்தி. பட்டணத்தில் கதீட்ரல் ரோடு பக்கம் 1835லேயே விவசாய தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப செம்மொழிப் பூங்கா இருக்கே, அந்த வட்டாரம்தான். தாம்பரம் அப்ப வெறும் ஏரியும் கழனியும் முள்ளுக்காடும். 1928ல் டாக்டர் சவரிமுத்து காசநோய்க்காரங்களுக்கு நல்ல காத்து வேணும்னு இங்கே தேடி வந்து சானடோரியம் கட்டினார். 1931ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் கரண்ட் ரயில் வந்தது. 1937ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து சேலையூர் காட்டுக்கு மாறி வந்தது. அங்கே வேதியியல் சொல்லிக் கொடுத்த எட்வர்ட் பார்ன்ஸ் துரையும் அவர் சம்சாரமும் நட்டு வளர்த்த மரங்கள் இன்னைக்கும் நிக்குது. இப்படிப் பத்து வருஷத்துக்குள்ளே ஆஸ்பத்திரி, ரயில்வே குவார்ட்டர்ஸ், காலேஜ் மூணும் வந்ததில், சுத்து வட்டார ஜனங்களுக்குத் தோட்ட வேலை கிடைச்சது. விதை வீட்டுக்கு வந்த வழி அதுதான்.

எங்க வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். எங்க ஆயாவின் அண்ணன் ரயில்வே குவார்ட்டர்ஸில் தோட்ட வேலை பார்த்தவர். அவர் கொண்டாந்து கொடுத்த விதை. ஆயா வாயில் அது 'சீனியாப்பூ'. எங்க பக்கம் சர்க்கரைன்னுதான் சொல்லுவோம், சீனி என்பது தெக்கத்திப் பேச்சு, ஆனாலும் அந்தப் பூவுக்கு மட்டும் ஏனோ அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. சிவப்பு, கத்திரிப்பூ நிறம், வெள்ளையில் லேசாப் பச்சை ஓடினது, அப்புறம் செங்கல் நிறத்தில் ஒண்ணு. ஒத்தைப் பூ வந்தா ஆயா, "இது மூஞ்சைப் பாரு, பல்லு போன கிழவி மாதிரி"ன்னு சொல்லிப் பிடுங்கிப் போட்டுடும். அதுக்கு வில்மொரானும் தெரியாது, மகரந்தமும் தெரியாது. ஆவணி கடைசியில் விதைச்சு, ஐப்பசி மழைக்குத் தாழ்வாரத்து ஓரம் தப்பிச்ச செடியில் மார்கழி வரைக்கும் பூ இருக்கும். விடியக்காலம் கோலத்து நடுவில் சாணி உருண்டையில் பரங்கிப்பூ வைக்கணும். பரங்கிப்பூ கிடைக்காத நாளில் எங்க வாசலில் சீனியாப்பூதான் பிள்ளையார் தலையில் நிக்கும். கோயிலில் சேர்க்காத பூவை வாசலில் பிள்ளையாரே ஏத்துக்கிட்டார், யார் கேக்கிறது?

வெளிநாட்டில் இதுக்குள்ளே நிறைய வேலை நடந்தது. 1920 வாக்கில் கலிபோர்னியாவில் பாட்ஜர் கம்பெனி டாலியா மாதிரி பெரிய தலை ஜீனியாவைக் கொண்டு வந்தது. இண்டியானா மாநிலம் 1931ல் ஜீனியாவை மாநிலப் பூவாகவே வச்சு, 1957ல் மாத்திக்கிட்டது. ஒரு முழ உயரம்கூட வராத 'தம்பலினா' 1963ல் அமெரிக்காவில் தங்க மெடல் வாங்கியது. அடுத்து 'பீட்டர் பான்' என்று வீரிய ஒட்டு ரகம். 1999ல் ஜப்பான் சகாட்டா கம்பெனியின் 'ப்ரொஃப்யூஷன்', நம்ம வாசல் ஜாதியையும் ஒல்லி இலைக் காட்டு ஜாதியையும் ஒட்டுச் சேர்த்தது. எனக்கு இதில் பிடிச்சது ப்ரொஃப்யூஷன்தான். ஜீனியாவுக்கு எமனே சாம்பல் நோய். இலை மேலே திருநீறு பூசின மாதிரி வெள்ளையாப் படர்ந்து கீழிருந்து மேலே காய்ஞ்சுக்கிட்டே போகும். புளிச்ச மோரைத் தண்ணியில் கலந்து அடிச்சா கொஞ்சம் கட்டுப்படும், அவ்வளவுதான். ப்ரொஃப்யூஷனில் அந்தத் தொல்லை ரொம்பக் குறைச்சல். பூ சின்னதா, பெரும்பாலும் ஒத்தையா இருக்கும். ஆயா இருந்தா அத்தனையையும் பிடுங்கியிருக்கும்!

பக்கத்திலேயே பெங்களூரில் மன்மோகன் அத்தாவர் 1965ல் ஆரம்பிச்ச இண்டோ அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ், வீரிய ஒட்டுப் பூ விதைகளைத் தயார் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1856ல் கப்பலில் போன சரக்கு மாதிரிதான், ஆனால் இப்ப வேலையை இங்கே பண்ணி, பாக்கெட்டில் பேர் வேற ஒருத்தருக்கு.

வீரிய ஒட்டில் ஒரு கணக்கு இருக்கு, தக்காளி, மிளகாய் போடுற நம்ம ஆட்களுக்குத் தெரிஞ்சதுதான். வாங்கின வருஷம் எல்லாச் செடியும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே உயரம், ஒரே நிறம். அதிலேயே விதை எடுத்துப் போட்டா தாத்தா பாட்டி குணமெல்லாம் தலை தூக்கும். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு ஒத்தை. உடனே, "வீட்டு விதை சரியில்லை"ன்னு முடிவு கட்டி மறு வருஷமும் பாக்கெட் வாங்கப் போறாங்க. வீட்டு விதை மேலே குத்தம் இல்லை. ஆயா மாதிரி நாலு வருஷம் பார்த்துப் பிடுங்கினா அதிலிருந்தும் நல்ல அடுக்கு நிக்கும். நர்சரியில் பூத்த செடியாகவே வாங்கி, பூ முடிஞ்சதும் தொட்டியைக் கவிழ்க்கிறவங்களுக்கு அந்த நாலு வருஷம் எங்கே இருக்கு?

2015 டிசம்பர் மழையில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி. நெல் மூட்டையைப் பரண் மேலே ஏத்தினோம், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினோம். சுரைக் குடுக்கையில் சாம்பல் போட்டு வச்சிருந்த ஜீனியா விதை அலமாரிக் கீழ்த்தட்டில் இருந்தது. மூணாம் நாள் தண்ணி வடிஞ்சு பார்த்தா குடுக்கைக்குள்ளே பாதி முளைச்சு அழுகி நாறிக் கிடந்தது. ஆயா காலத்திலிருந்து கை மாறி வந்த விதை, ஒரு மணி மிச்சமில்லை. வாசலில் நின்ன செடியும் சேத்துக்குள்ளே.

அதே டிசம்பரில் ஆகாசத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வளர்த்த ஜீனியாவுக்கும் தண்ணி அதிகமாகிப் பூஞ்சணம் பிடிச்சிருந்தது. நான் இதை ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். ஸ்காட் கெல்லி என்கிற விண்வெளி வீரர் பார்த்துக்கிட்டிருந்தார். இந்தத் தேதிக்கு இவ்வளவு தண்ணி விடணும்னு பூமியிலிருந்து அட்டவணை. அவர், செடி முன்னாடி நிக்கிறவன் நான், பார்த்துத் தேவைக்குத் தக்கபடி நானே விடுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டார். கெட்டுப்போன இலைகளைக் கழிச்சு, மிச்சச் செடியைத் தேத்தி, 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூக்க வச்சார். உலகம் பூராவும் அந்தப் படம் வந்தது. அட்டவணை விஷயம் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கழனி பக்கம் வராம எந்த நாளில் என்ன அடிக்கணும்னு சொல்ற ஆட்களை நாங்க நிறையப் பார்த்தவங்க.

எங்க விதை திரும்பி வந்தது மதுராந்தகத்திலிருந்து. அங்கே கட்டிக் கொடுத்த எங்க அக்காவுக்கு அம்மா எப்பவோ ஒரு முடிச்சு கொடுத்திருந்தாங்க. அக்கா வருஷா வருஷம் போட்டு எடுத்துக்கிட்டே வந்திருக்கு. பொங்கல் சீர் கொண்டு போனப்ப வெள்ளத்தில் போனதைச் சொன்னேன். திரும்பும்போது பழைய வேட்டித் துணியில் முடிஞ்சு கொடுத்துச்சு. மாசியில் போட்டேன், சித்திரையில் பூத்தது. சிவப்பு வந்தது, கத்திரிப்பூ நிறம் வந்தது, செங்கல் வந்தது. பச்சை ஓடின வெள்ளை வரலை. அக்கா வீட்டிலும் அது இல்லை. அம்மா அதே மாதிரி விதை கொடுத்த இன்னும் இரண்டு வீட்டில் கேட்டேன். ஒண்ணு மனை போட்டு வித்தாச்சு, இன்னொரு வீட்டில் வாசலுக்குச் சிமெண்ட் பலகை பாவிட்டாங்க.

2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்தாச்சு. மணிமங்கலம் பக்கம் எங்க கழனிக்கு மூணு பக்கமும் மனைக் கல் நட்டிருக்கு. பல்லவரும் சாளுக்கியரும் சண்டை போட்ட ஊர் அது, இப்ப சதுர அடிக்குச் சண்டை. வாசலே இல்லாத வீடு வர்ற காலத்தில் வாசல் பூ எங்கே நிக்கும்னு என் மனைவி கேப்பாங்க. மாடித் தொட்டியில் நல்லாவே நிக்குது, அதையும் சொல்லணும். வெயில் மட்டும் ஆறு மணி நேரம் வேணும்.

இந்த வருஷம் என்கிட்ட இருக்கிறது பழைய மூணு நிறமும், ப்ரொஃப்யூஷன் ஆரஞ்சும், ஒரு பாக்கெட்டில் வந்த பெரிய டாலியா தலை மஞ்சளும். பழையதை வாசலிலும் மத்ததைக் கிணத்து மேட்டிலும் தள்ளித் தள்ளிப் போடுறேன். பட்டாம்பூச்சிக்கு வேலி கிடையாது, ஆனாலும் தூரம் இருந்தா கலப்பு கொஞ்சம் குறையும். தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். நாலஞ்சு நாளில் முளைச்சிடும். முழங்கை உயரம் வரும்போது நுனியைக் கிள்ளி விடணும், பக்கக் கிளை வெடிக்கும். தண்ணியை வேருக்கு ஊத்தணும், இலை மேலே தெளிக்கக் கூடாது. விதைக்கு முதல் பூவையும் கடைசிப் பூவையும் விட்டுட்டு நடுவில் வந்த பெரிய பூவாகப் பார்த்து நூல் கட்டி வைக்கிறேன். காம்பு பழுப்பாகிற வரைக்கும் செடியிலேயே காயணும். உதிர்த்தா இதழ் அடியில் ஒட்டிக்கிட்டு வர்றது அம்பு முனை மாதிரி இருக்கும், நடுக்கொட்டையில் வர்றது தட்டையா இருக்கும். இரண்டும் முளைக்கும்.

குடுக்கை இப்ப மேல் தட்டில். ஒரு முடிச்சு மதுராந்தகத்தில், ஒரு முடிச்சு படப்பையில் என் பொண்ணு வீட்டில். பச்சை ஓடின வெள்ளை, இந்தப் பக்கம் யார் வாசலிலாவது நின்னா சொல்லுங்க. தையில் வந்து ஒரு காய்ஞ்ச பூ வாங்கிக்கிறேன், பதிலுக்குச் செங்கல் நிறம் தர்றேன்.